ஆய்வு நெறிமுறை இயலை எழுதுவது எப்படி? தமிழாசிரியர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இது: "சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன், பகுதிநேரமாக முதுகலை படிக்கிறேன். தொடக்கநிலை 3 மாணவர்கள் வீட்டில் யாரோடு, எவ்வளவு தமிழ் பேசுகிறார்கள் என்பது என் ஆய்வு. மூன்று பள்ளிகளின் பெற்றோருக்கு வினாநிரல் கொடுத்தேன். தாய்மார்கள் சிலரை நேர்காணல் செய்தேன். ஆறு குடும்பங்களில் இரவுச் சாப்பாட்டு நேரப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறேன். ஆய்வு நெறிமுறை இயலை முப்பது பக்கம் எழுதிக் கொடுத்தால், நெறியாளர் 'இதில் உங்கள் ஆய்வு எங்கே இருக்கிறது?' என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கிருந்து சரிசெய்வது?"

அந்த ஒரு வரி கடுமையாகத் தோன்றினாலும் நல்ல நெறியாளர் கேட்கும் கேள்விதான் அது. அந்த முப்பது பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். பண்புசார் ஆய்வு என்றால் என்ன, அளவுசார் ஆய்வு என்றால் என்ன, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள், கலப்பு முறையின் நன்மைகள், மாதிரித் தெரிவின் வகைகள், வினாநிரலின் நிறைகுறைகள் என வரிசையாக வரையறைகள் வந்திருக்கும். கடைசி ஐந்தாறு பக்கங்களில்தான் உங்கள் மூன்று பள்ளிகளும் ஆறு குடும்பங்களும் தலைகாட்டியிருக்கும். தமிழில் நான் படித்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. முன்னோர் ஆய்வேட்டைப் பார்த்து அடுத்தவர் எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, இதுதான் முறை என்றே ஆகிவிட்டது.

தேர்வாளருக்கு அந்த வரையறைகள் எல்லாம் தெரியும். அவருக்குத் தெரியாதது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான். ஏன் அப்படிச் செய்தீர்கள், வேறு வழி கையருகே இருந்தும் அதை ஏன் விட்டீர்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. உங்கள் முடிவுகளை நம்பலாமா என்று அவர் தீர்மானிப்பது இந்த இயலை வைத்துத்தான். எனவே இந்த இயலில் வரும் ஒவ்வொரு பத்தியும் நீங்கள் எடுத்த ஒரு முடிவையும் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பத்தியை எடுத்து, அதை வெட்டி வேறொருவரின் ஆய்வேட்டில் ஒட்டினால் பொருந்துமா என்று பாருங்கள். கோயம்புத்தூரில் கைத்தறி நெசவாளர்களைப் பற்றி ஆய்வு செய்பவரின் ஏட்டிலும் அது அப்படியே பொருந்துகிறது என்றால், அந்தப் பத்தியை எடுத்துவிடலாம். ஒரு எடுத்துக்காட்டு:

"இவ்வாய்வில் நோக்க மாதிரித் தெரிவு முறை பின்பற்றப்பட்டது. நோக்க மாதிரித் தெரிவு என்பது ஆய்வின் நோக்கத்திற்கு ஏற்பத் தகவலாளிகளைத் தெரிவு செய்வதாகும். இம்முறை பண்புசார் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது."

இதில் தவறு ஒன்றும் இல்லை. படித்து முடித்த பிறகும் உங்கள் ஆறு குடும்பங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். இதே இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்:

"பேச்சுப் பதிவுக்கு ஆறு குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தேன். குழந்தை பெற்றோருடன் பெரும்பாலும் தமிழில் பேசுவதாக வினாநிரலில் குறித்தவர்களிலிருந்து மூன்று குடும்பங்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவதாகக் குறித்தவர்களிலிருந்து மூன்று குடும்பங்கள். மூத்தோர் உடன் வாழும் வீடுகளில் பேச்சு மாறுகிறதா என்பது இரண்டாம் ஆய்வு வினா என்பதால், இரு பிரிவிலும் தாத்தா அல்லது பாட்டி இருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நான் கற்பிக்கும் மாணவர்களின் குடும்பங்களைச் சேர்க்கவில்லை."

இரண்டாவது பத்தியில் 'நோக்க மாதிரி' என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் அது நோக்க மாதிரிதான் என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும். வேண்டுமானால் கலைச்சொல்லை ஓரிடத்தில் போட்டு, அதற்கு ஒரு நூலைச் சான்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பழைய முப்பது பக்கத்தைத் திருத்த உட்கார வேண்டாம். அதை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை போடுங்கள். முதல் நெடுவரிசையில் ஆய்வு வினா, இரண்டாவதில் அந்த வினாவுக்கு விடை தரும் தரவு, மூன்றாவதில் அந்தத் தரவை வைத்து என்ன செய்வீர்கள். 'குழந்தை வீட்டில் யாரோடு எந்த மொழியில் பேசுகிறது' என்ற வினாவுக்கு வினாநிரலும் பதிவும் விடை தரும். 'அதைப் பெற்றோர் எப்படிப் பார்க்கிறார்கள்' என்பதற்கு நேர்காணல்தான் விடை தரும், வினாநிரல் போதாது. இப்படி நிரப்பும்போது ஏதாவது ஒரு கட்டம் காலியாக நிற்கும், இல்லையென்றால் எந்த வினாவோடும் சேராமல் ஒரு தரவு தனியாக நிற்கும். வினாநிரலில் பெற்றோரின் வருமானத்தைக் கேட்டிருந்து, எந்த ஆய்வு வினாவிலும் வருமானம் வராவிட்டால், அதை ஏன் கேட்டீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். அந்த அட்டவணை உங்கள் இயலின் முதல் பக்கத்திலேயே போகலாம். பல தேர்வாளர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

அடுத்து, யாரைப் பற்றிய ஆய்வு இது என்பதைத் தெளிவாக்குங்கள். 'சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்கள்' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் இங்கே அது பல பொருள் தரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வரும் 'இந்தியர்' என்பது ஓர் இனப் பிரிவு. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுப்பவர்கள் வேறொரு தொகுதி. இந்தியக் குழந்தைகளில் இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது எடுப்பவர்களும் உண்டு. மலையாளமோ தெலுங்கோ பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருப்பதும் உண்டு. உங்கள் வினாநிரல் தமிழ் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்குப் போனது என்றால், அப்படியே எழுதுங்கள். வீட்டில் மலையாளம் பேசும் குடும்பம் இரண்டு வந்திருந்தால் அவர்களைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா, ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

எண்ணிக்கை பற்றிய பகுதியில் 384 என்ற எண்ணை எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். எத்தனை பேரை மாதிரியாக எடுக்க வேண்டும் என்று காட்ட கிரெச்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வரும் எண் அது. ஆய்வேடு தவறாமல் அதைச் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எப்போது பயன்படும் என்பதும் தெரியும். 95 விழுக்காடு உறுதிக்குரிய 1.96 என்ற எண்ணின் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி, 5 விழுக்காட்டுப் பிழை எல்லையான 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384 வரும். பெரியதொரு மக்கள் தொகுதியிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்து, ஒரு விகிதத்தை மதிப்பிடும்போதுதான் இந்தக் கணக்கு பொருந்தும். நீங்கள் அனுமதி கிடைத்த மூன்று பள்ளிகளில், சம்மதித்த பெற்றோரிடம் மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். அங்கே 384 பேர் கிடைத்தாலும் அந்தப் பிழை எல்லை உங்களுக்குச் சொந்தமாகாது. எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை திரும்பி வந்தன, திரும்பாதவர்கள் எப்படிப்பட்ட குடும்பங்களாக இருக்கக்கூடும் என்று எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். தமிழே பேசாத வீட்டார் தமிழ் ஆய்வு வினாநிரலை நிரப்பாமல் விட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் உங்கள் எண்கள் தமிழ்ப் பக்கம் சாய்ந்திருக்கும். இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் தேர்வாளர் உங்களை நம்பத் தொடங்குவார்.

வினாநிரலின் கேள்விகளை எப்படி உருவாக்கினீர்கள் என்பதும் இந்த இயலில் வர வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றார்கள். 2010இல் அது 32.3 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 2020இல் 2.5 விழுக்காடு. இந்த எண்களை முன்னுரையில் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது 'அதிகம் பேசும் ஒரே மொழி' பற்றிய எண் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆங்கிலம் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இன்னொரு மொழியும் பேசுகிறார்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. நீங்களும் 'வீட்டில் எந்த மொழி அதிகம்?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் உங்கள் ஆய்வுக்கு வேண்டிய விவரமே மறைந்துபோகும். ஒன்பது வயதுப் பிள்ளை பாட்டியிடம் தமிழ் பேசும், அக்காவிடம் ஆங்கிலம் பேசும், வீட்டுப் பணிப்பெண்ணிடம் ஆங்கிலமோ மலாயோ பேசும், அப்பாவிடம் கலந்து பேசும். அதனால்தான் ஆள்வாரியாகப் பிரித்துக் கேட்டேன் என்று நீங்கள் எழுதினால், அது உங்கள் கேள்விக்கான காரணமாகவும் இருக்கும், பிற்பாடு கணக்கெடுப்பு எண்களோடு நேராக ஒப்பிட முடியாததற்கு விளக்கமாகவும் இருக்கும்.

வினாநிரலைத் தமிழில் கொடுத்தீர்களா, ஆங்கிலத்திலா, இரண்டிலுமா? இரண்டிலும் என்றால் எந்த மொழியில் முதலில் எழுதி எந்த மொழிக்கு மாற்றினீர்கள், இரண்டும் ஒரே பொருள் தருகின்றனவா என்று யாரிடம் காட்டிச் சரிபார்த்தீர்கள்? முன்னோட்டத்தில் எந்தக் கேள்வி பெற்றோருக்குப் புரியவில்லை, அதை எப்படி மாற்றினீர்கள்? 'முன்னோட்ட ஆய்வு நடத்தப்பட்டது' என்ற ஒற்றை வரியைவிட, மாற்றிய ஒரு கேள்வியை முன்பு இப்படி, பின்பு இப்படி என்று காட்டுவது எவ்வளவோ மேல். இன்னொன்று: கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா என்ற அளவை எல்லா வினாநிரலுக்கும் போட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே மனப்பான்மையைப் பல கூற்றுகளால் அளக்கும்போதுதான் அதற்குப் பொருள் உண்டு. 'பாட்டியிடம் எந்த மொழி, அக்காவிடம் எந்த மொழி' என்ற தகவல் கேள்விகளுக்கு அதைப் போட்டால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

இனி, உங்கள் ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம். ஆறு குடும்பப் பதிவுகள். இந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 'பதிவுகள் எழுத்துப் பெயர்ப்புச் செய்யப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரிக்குள் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரு குழந்தை இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"பாட்டி, டீச்சர் என்னை ஸ்கோல்ட் பண்ணாங்க, பட் நான் ஒண்ணுமே பண்ணல."

மொத்தம் ஒன்பது சொற்கள். இதில் தமிழ் எவ்வளவு? டீச்சர், ஸ்கோல்ட், பட் மூன்றையும் ஆங்கிலம் என்று எடுத்தால் தமிழ் ஆறு, அதாவது 67 விழுக்காடு. 'டீச்சர்' நம் பேச்சில் தமிழாகவே ஆகிவிட்ட சொல், பாட்டிகூட அப்படித்தான் சொல்வார் என்று எண்ணி அதைத் தமிழோடு சேர்த்தால் ஏழு, 78 விழுக்காடு. இன்னொருவர், சொற்களை எண்ணாமல் வாக்கியத்தின் கட்டமைப்பைப் பார்ப்பார். வினைமுற்று 'பண்ணாங்க', சொல் வரிசை தமிழ், வேற்றுமை உருபு தமிழ், ஆகவே இது தமிழ் வாக்கியம், அதற்குள் ஆங்கிலச் சொற்கள் செருகப்பட்டிருக்கின்றன என்பார். கலப்பு மொழிப் பேச்சை அப்படிப் பார்க்க வேண்டும் என்ற கோட்பாட்டை மொழியியலாளர் கேரல் மையர்ஸ் ஸ்காட்டன் 1993இல் விரிவாக முன்வைத்தார். அப்படிப் பார்த்தால் இது முழுக்கத் தமிழ் வாக்கியம். ஒரே வாக்கியத்துக்கு 67, 78, 100 என்று மூன்று விடைகள். 'குழந்தைகள் வீட்டில் பாதிக்கும் குறைவாகவே தமிழ் பேசுகிறார்கள்' என்றோ 'பெரும்பாலும் தமிழே பேசுகிறார்கள்' என்றோ நாளை நீங்கள் எழுதப்போவது, எண்ணும் விதியைப் பொறுத்தே அமையும். அந்த விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? நெறிமுறை இயலில் இல்லாவிட்டால் வேறெங்கும் இருக்காது.

ஆகவே உங்கள் குறியீட்டு விதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலகு எது, சொல்லா, கூற்றா, ஒருவர் பேசத் தொடங்கி முடிக்கும் முறையா? 'ஸ்கூல்லேர்ந்து' போன்ற, ஆங்கில அடியும் தமிழ் உருபும் சேர்ந்தவை எந்தப் பக்கம்? 'லா', 'மா' போன்ற சிங்கப்பூர்ப் பேச்சு ஒட்டுகளை எண்ணினீர்களா? ஆட்பெயர்கள், உணவின் பெயர்கள், 'மக்கான்' மாதிரி மலாய்ச் சொற்கள் எங்கே போகும்? தொலைக்காட்சியில் வந்த வசனத்தைக் குழந்தை திருப்பிச் சொன்னால் அது குழந்தையின் பேச்சா? பிறகு, எந்த எழுத்தில் எழுதினீர்கள், பேச்சு ஒலியை அப்படியே வைத்தீர்களா, எழுத்துத் தமிழாக மாற்றினீர்களா? 'பண்ணல' என்பதைப் 'பண்ணவில்லை' என்று திருத்தி எழுதிவிட்டால் பேச்சுத் தமிழைப் பற்றிய ஆய்வில் தரவே மாறிப்போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சரியான விடை கிடையாது. உங்கள் ஆய்வு வினாவுக்குப் பொருந்தும் விடை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, காரணம் சொல்லி, கடைசிப் பதிவுவரை மாறாமல் பின்பற்றியதைக் காட்டுங்கள்.

விதிகள் உண்மையிலேயே தெளிவாக இருக்கின்றனவா என்று அறிய, இரண்டாவது ஆள் ஒருவரிடம் பதிவுகளில் ஒரு பங்கைக் கொடுத்து, உங்கள் விதிகளை மட்டும் கையில் கொடுத்துக் குறியிடச் சொல்லுங்கள். சக ஆசிரியர் யாராவது போதும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்பதைக் கோஹென் கப்பா என்ற அளவால் சொல்லலாம். எண்ணைவிட, எந்த இடங்களில் ஒத்துப்போகவில்லை, அதற்குப் பிறகு எந்த விதியைத் திருத்தினீர்கள் என்பதைச் சொல்வது இன்னும் நல்லது.

பதிவு செய்த சூழலும் தரவின் ஒரு பகுதிதான். கருவியை யார் இயக்கினார்கள்? நீங்கள் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தீர்களா? தமிழாசிரியர் கேட்கப்போகிறார் என்று தெரிந்தால் அந்த மேசையில் தமிழ் கூடும். கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதைக் கவனித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது என்ற இந்தச் சிக்கலை மொழியியலாளர் வில்லியம் லபோவ் அரை நூற்றாண்டுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். முழுமையாகத் தீர்க்க முடியாத சிக்கல் இது. குறைக்க என்ன செய்தீர்கள் என்று சொல்லலாம்: கருவியைக் குடும்பத்தாரே இயக்கட்டும் என்று விட்டீர்கள், முதல் பதிவைப் பழகிக்கொள்வதற்காக ஒதுக்கிவிட்டு அடுத்தவற்றை எடுத்தீர்கள் என்பது போல. தேதிகளையும் மறக்காமல் கொடுங்கள். ஜூன் விடுமுறை நான்கு வாரத்தில் ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கலாம், தீபாவளி வாரத்தில் வீடு நிறைய விருந்தினர் இருந்திருக்கலாம், ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளை நாள் முழுவதும் அக்காவோடு இருந்திருக்கலாம். பள்ளித் தவணை நடுவில் பதிவு செய்த குடும்பத்தையும் விடுமுறையில் பதிவு செய்த குடும்பத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவதென்றால் அதற்கு ஒரு விளக்கம் வேண்டும்.

ஆய்வு அறம் பற்றிய பகுதியை நம்மவர்கள் ஒரு சடங்கு மாதிரி எழுதுகிறார்கள்: ஒப்புதல் பெறப்பட்டது, பெயர்கள் மாற்றப்பட்டன, முடிந்தது. உங்கள் ஆய்வில் இது பெரிய பகுதி. பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறக் குழுவான ஐஆர்பியின் அனுமதி எப்போது கிடைத்தது, எந்த எண், கல்வி அமைச்சின் அனுமதியும் பள்ளி முதல்வர்களின் அனுமதியும் எப்போது வந்தன என்பதை முதலில் சொல்லுங்கள். ஐஆர்பி அனுமதிக்கு முன்பு திரட்டிய தரவுக்குப் பின்தேதியிட்டு அனுமதி வாங்க முடியாது. அப்படி ஏதாவது இருந்தால் அதை விட்டுவிடுவதுதான் ஒரே வழி, இப்போதே நெறியாளரிடம் பேசிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் ஆசிரியர். பெற்றோர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஆசிரியர் ஒரு கோரிக்கை வைத்தால் எந்தத் தாயும் முடியாது என்று எளிதில் சொல்லமாட்டார். பிள்ளையின் மதிப்பெண் கெடுமோ, ஆசிரியர் மனம் வருந்துமோ என்று நினைப்பார். அந்த ஒப்புதல் சட்டப்படி சரியாக இருக்கலாம், மனத்தளவில் அது ஒப்புதல் ஆகாது. உங்கள் வகுப்புக் குடும்பங்களை விலக்கியது, படிவத்தை வேறொருவர் மூலம் கொடுத்தது, மறுத்தால் பிள்ளைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று எழுத்தில் தந்தது என நீங்கள் செய்தவற்றை விளக்கமாக எழுதுங்கள். பெற்றோர் ஒப்புக்கொண்டால் போதாது, ஒன்பது வயதுப் பிள்ளையிடமும் புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். பதிவின்போது அந்த வீட்டில் இருந்த மற்றவர்களையும் நினைத்துப் பாருங்கள். பணிப்பெண்ணின் குரல் பதிவில் இருக்கிறது, அவரிடம் கேட்டீர்களா? முதலாளி சரி என்றதால் அவரும் சரி என்றதாக ஆகாது. அவர் ஒப்புதல் தரவில்லை என்றால் அவர் பேசிய பகுதிகளை நீக்கினேன் என்றாவது இருக்க வேண்டும்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைப்பது இங்கே செல்லாது. சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகம் சிறியது. 'செங்காங்கில் வசிக்கும், தந்தை கோயில் அர்ச்சகராகவும் தாய் தாதியாகவும் உள்ள, இரட்டைப் பிள்ளைகள் கொண்ட குடும்பம்' என்று எழுதினால், பெயர் எதுவாக இருந்தாலும் உங்கள் ஏட்டைப் படிக்கும் தமிழாசிரியர்களில் ஒருவருக்காவது யார் என்று தெரிந்துவிடும். எந்த விவரங்களை நீக்கினீர்கள், எவற்றைப் பொதுவாக்கினீர்கள், அப்படிச் செய்ததால் பகுப்பாய்வில் எதை இழந்தீர்கள் என்று எழுதுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, அதன் முக்கியப் பிரிவுகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. ஒலிப்பதிவுகள் எந்தக் கருவியில் இருக்கின்றன, கைப்பேசியின் தானியங்கிச் சேமிப்புக்குப் போய்விட்டனவா, யார் கேட்கலாம், எப்போது அழிப்பீர்கள் என்பதற்கெல்லாம் நேரான பதில் இருக்க வேண்டும்.

நேர்காணல் பகுப்பாய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'கருப்பொருள்கள் வெளிப்பட்டன' என்று எழுதாதீர்கள். கருப்பொருள் தானாக வெளிப்படுவதில்லை, நீங்கள்தான் தேடி அமைக்கிறீர்கள். கருப்பொருள் பகுப்பாய்வு பற்றிப் பிரௌனும் கிளார்க்கும் 2006இல் எழுதிய கட்டுரையின் ஆறு படிநிலைகளைத்தான் இன்று எல்லாரும் காட்டுகிறார்கள். 'கருப்பொருள்கள் வெளிப்பட்டன' என்ற தொடரை அவர்களே குறை சொல்லியிருக்கிறார்கள். ஆறு படிகளையும் பட்டியலிடுவதற்குப் பதிலாக, ஒரு தாய் சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்து, அதற்கு முதலில் என்ன குறி கொடுத்தீர்கள், வேறெந்தக் குறிகளோடு சேர்த்தீர்கள், கடைசியில் எந்தக் கருப்பொருளுக்குள் போனது என்று ஒரே ஒரு சங்கிலியைக் காட்டுங்கள். ஒன்று போதும்.

உங்களைப் போலக் களத்துக்குப் போகாமல், இலக்கியமோ இதழ்களோ ஆராய்கிறவர்கள் இந்த இயலே தங்களுக்குத் தேவையில்லை என்று நினைப்பதுண்டு. அவர்களும் தேர்வு செய்கிறார்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசில் எந்த ஆண்டுகளை எடுத்தார்கள், தலையங்கமா, வாசகர் கடிதமா, ஞாயிற்றுக்கிழமைப் பக்கமா, எந்தச் சொற்களை இட்டுத் தேடினார்கள் என்பது எல்லாம் முடிவுகள்தாம். தேசிய நூலகத்தின் மூலம் 2015இல் மின்வடிவம் பெற்ற ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் அரிய கொடை. ஆனாலும் அந்தத் தொகுப்பில் இருப்பவை மட்டுமே வெளிவந்த நூல்கள் என்று எடுத்துக்கொண்டால் முடிவு பிசகும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள நூலகத்தின் அச்சு நூல்களோடு ஒத்துப் பார்த்தார்களா என்று தேர்வாளர் கேட்பார்.

எழுதும் நடையில் இரண்டு திருத்தங்கள். முன்மொழிவுக்காக எழுதியதை அப்படியே கொண்டுவந்திருந்தால் 'நேர்காணல் செய்யப்படும்' என்று எதிர்காலம் நிற்கும். எல்லாவற்றையும் இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போது திட்டமிட்டது ஒன்று, நடந்தது ஒன்று என்று இருந்தால் நடந்ததையே எழுதுங்கள். எட்டுக் குடும்பம் திட்டமிட்டு, இரண்டு பாதியில் விலகினால், விலகியதையும் சொல்லுங்கள், அது குறை ஆகாது. இரண்டாவது, 'மேற்கொள்ளப்பட்டது, பெறப்பட்டது, தொகுக்கப்பட்டது' என்றே பக்கம் பக்கமாகப் போகாதீர்கள். யார் செய்தார்கள் என்பது அந்த நடையில் மறைந்துவிடுகிறது. உங்கள் துறை 'நான்' என்று எழுத விட்டால் நான் என்றே எழுதுங்கள், இல்லையென்றால் 'ஆய்வாளர்' என்று எழுதுங்கள்.

ஆய்வின் வரம்புகளைக் கடைசியில் 'நேரமின்மை காரணமாக' என்று ஒரு பத்தியில் கொட்டாமல், அந்தந்த முடிவோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். மூன்று பள்ளிகள் மட்டுமே என்பது மாதிரிப் பகுதியில் வரட்டும், தமிழாசிரியர் முன்னால் தமிழ் கூடும் என்பது பதிவுப் பகுதியில் வரட்டும்.

அடுத்த சந்திப்புக்கு முழு இயலையும் எழுதிக்கொண்டு போக வேண்டாம். வினா, தரவு, பகுப்பாய்வு அட்டவணை ஒரு பக்கம், குறியீட்டு விதிகள் இரண்டு பக்கம், அந்த விதிகளின்படி குறியிட்ட ஒரு குடும்பத்தின் ஐந்து நிமிடப் பேச்சு, இவற்றை மட்டும் கொடுத்து நெறியாளரிடம் பேசுங்கள். அந்த மூன்றிலும் அவர் சரி என்று சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது கடினமாக இருக்காது. முப்பது பக்கம் இருபதாகக் குறையலாம், குறையட்டும். வினாநிரல், ஒப்புதல் படிவம், நேர்காணல் கேள்விகள், முழுக் குறியீட்டு விதிகள் ஆகியவை பின்னிணைப்புக்குப் போகட்டும். பெற்றோருக்குக் கொடுத்த படிவத்தின் தமிழ் வடிவம், ஆங்கில வடிவம் இரண்டையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.